எண்ணெய் மருந்து

உமாதேவிக்குச் சக்கரை வந்தது அந்த வீட்டுல பெரிய பிரச்சினை இல்ல. மீசை வந்ததுதான் பிரச்சினை. சக்கரை வெளியில தெரியாது, மீசை தெரியும். பத்தொன்பது வயசுப் பொண்ணு, பார்க்க லட்சணமா இருப்பா, அத்தை மகன் ரகுபதிக்குத்தான்னு சின்ன வயசுலயே பேசி வச்சது. அப்படிப்பட்டவளுக்கு மேல் உதட்டுல கருகருன்னு முடி முளைச்சா பெத்தவங்களுக்கு வயிறு கலங்காதா? கலங்கட்டும், தப்பில்ல. ஆனா கலங்கின வயித்தோட அவங்க செஞ்ச காரியம் இருக்கே, அதை நினைச்சா இன்னைக்கும் எரிச்சல்தான் வருது.

தொண்ணூத்தியொண்ணு பொங்கல் சமயத்துல ஆரம்பிச்சது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல செப்புக் கம்பியில காயில் சுத்தற கம்பெனி ஒண்ணுல உமாவுக்கு வேலை. பிள்ளைப்பாக்கத்துலேர்ந்து கம்பெனி வேன்ல போய் வருவா. திடீர்னு ஒரே தாகம். குடிக்கக் குடிக்க அடங்கல. பாத்ரூம் போய் வந்து உக்கார்றதுக்குள்ள மறுபடி முட்டிக்கினு வரும். "லைனை வுட்டுட்டு எங்கம்மா ஓடிக்கினே கீறே?"ன்னு சூப்பர்வைசர் கத்துவான். துணியெல்லாம் தொளதொளன்னு ஆகற அளவுக்கு எளைச்சுட்டா. காமாலையா இருக்கும்னு வீட்டுல கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. ஒரு நாள் லைன்லயே மயங்கி விழுந்துட்டா. வேன்ல தூக்கிப் போட்டுக்கினு போனவங்க கடைசியா அவளை மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

அங்க இருந்தவருதான் டாக்டர் இராமச்சந்திரன். வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவரு. சிடுசிடுன்னு இருப்பாரு, ஆனா எதையும் மூடி மறைக்க மாட்டாரு. உமாவுக்குக் கொஞ்சம் தெளிஞ்சதும் அவகிட்டயே நேராப் பேசினாரு.

"இது வயசானவங்களுக்கு வர்ற சக்கரை இல்லம்மா. வயித்துல கணையம்னு ஒண்ணு இருக்கு, இன்சுலின் ஊறுற எடம். வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்கறதுக்குன்னு உன் ரத்தத்துல ஒரு சக்தி இருக்கு பாரு, அது ஆள் தெரியாம அந்தக் கணையத்தைப் போட்டு அடிக்குது. முக்கால்வாசி போச்சு. ஆனா கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அந்த மிச்சத்தைக் காப்பாத்த முடியுமான்னு பார்க்க ஒரு மருந்து இருக்குதுன்னாரு. பேரு சைக்ளோஸ்போரின். கிட்னி மாத்தி வச்சவங்களுக்குக் குடுக்கறது. அடிக்கற சக்தியை அடக்கி வைக்கும். சக்கரை புதுசா வந்தவங்களுக்கு வெளிநாட்டுல குடுத்துப் பார்த்துட்டு இருக்காங்க, நானும் இங்க கொஞ்ச பேருக்குக் குடுத்துப் பார்க்கறேன்னாரு. "பலிக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். முடி முளைக்கும், ஈறு வீங்கும், கிட்னி கெடாம பார்த்துக்கணும். மாசாமாசம் ரத்தம் எடுப்பேன். நடுவுல நிறுத்தினா அது மறுபடி அடிக்க ஆரம்பிச்சுடும். மிச்சமும் போயிடும். போனது திரும்பி வராது. சம்மதமா?"

உமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தா. ஜெகநாதன் அரிசி மில்லுல வேலை செய்யறவரு. அதிகமாப் பேசத் தெரியாது, ஆனா பொண்ணுன்னா உசுரு. "எம்பொண்ணுக்கு இன்னா செய்யணுமோ செய்யுங்க சார், நான் கூட கீறேன்"னு கையைக் கூப்பினாரு. முடி முளைக்கும்னு டாக்டர் சொன்னது அன்னிக்கு அவர் காதுல விழவே இல்ல.

மருந்து பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல வரும். கெட்டியான எண்ணெய். மூட்டைப்பூச்சியை நசுக்கினா வருமே, அப்படி ஒரு நாத்தம். அளந்து எடுத்து, கண்ணாடி டம்ளர்ல பாலோட கலக்கி, உடனே குடிச்சுடணும். காலையில வேன் வர்றதுக்கு முன்னாடி அம்மா அலமுதான் கலக்கித் தருவா. உமா மூக்கைப் பிடிச்சுக்கினு ஒரே மடக்குல குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்து வைப்பா. காலி பாட்டிலை மாசாமாசம் ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்தாத்தான் புது பாட்டில் கிடைக்கும். அதை மறக்காம பையில எடுத்து வைக்கறது ஜெகநாதன் வேலை.

இன்சுலின் ஊசி போடறதும் அவர்தான். கத்திரிக்காயில குத்திக் குத்திப் பழகினாரு மனுஷன். வீட்டுல ஐஸ் பெட்டி ஏது, இன்சுலின் பாட்டிலைத் துணியில சுத்திப் பானைத் தண்ணி மேல மிதக்க வச்சிருப்பாரு. சக்கரை பார்க்க ஒரு நீல மருந்து குடுத்திருந்தாங்க. அதுல மூத்திரத்தை விட்டு சுட வச்சா, சக்கரை இருந்தா செங்கல் கலராயிடும், இல்லைன்னா நீலமாவே நிக்கும். மாசி முடியறப்ப ஊசி அளவு பாதியாச்சு. சித்திரையில ஊசியே வேணாம்னுட்டாரு டாக்டர். அன்னிக்கு ஜெகநாதன் அந்த நீலக் குழாயை வாசல் வரைக்கும் கொண்டாந்து வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு.

டாக்டர் அப்பவே தலையில அடிச்சுக்காத குறையாச் சொன்னாரு: "குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. மிச்சம் இருக்கறது வேலை செய்யுது, அவ்வளவுதான். எண்ணெய் மருந்து நிக்கவே கூடாது." உமாவுக்குப் புரிஞ்சுது. ஜெகநாதனுக்கும் அங்க உக்கார்ந்திருந்தப்ப புரிஞ்சுது. ஆனா வீட்டுல காத்துக்கினு இருந்த அலமு காதுக்கு வந்து சேர்ந்தது "ஊசி நின்னுடுச்சு"ங்கறது மட்டும்தான். ஜுரம் விட்டா மாத்திரையை நிறுத்தற குடும்பம். ஊசி நின்னா வியாதி போச்சுன்னுதான் அர்த்தம்.

வைகாசியில முடி முளைக்க ஆரம்பிச்சுது. முதல்ல மேல் உதடு, அப்புறம் காதோரம், அப்புறம் கன்னம், கை. பக்கத்து சீட்டு சின்னப்பொண்ணு "இன்னாண்ணே, டீ சாப்புட்டியா?"ன்னு கேட்டா லைனே சிரிக்கும். உமாவும் சிரிப்பா, வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைப்பா. ஆனா மருந்தை விடணும்னு ஒரு நாளும் நினைக்கல. ஊசி இல்லாம இருக்கற அருமை ஊசி போட்டுக்கினவளுக்குத்தான் தெரியும். முடிதானே, முளைச்சுட்டுப் போகட்டும், உள்ள இருக்கறது எனக்கு இருக்கட்டும்னு இருந்தா.

ஆனியில அத்தை மீனம்மாள் மணிமங்கலத்துலேர்ந்து வந்தா. ஜெகநாதனோட அக்கா, ரகுபதியோட அம்மா. அவளுக்குச் சக்கரை விஷயம் தெரியாது, காமாலைன்னுதான் சொல்லி வச்சிருந்தாங்க. வந்தவ உமா மோவாயைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தா. "இன்னாடி இது, எம்புள்ளைக்கு இருக்கறதை விட உனக்கு ஜாஸ்தியா கீது?"ன்னு சிரிச்சா. அப்புறம் சமையக்கட்டுல அலமுகிட்ட சிரிக்காம சொன்னா: "ஆவணியில நிச்சயத்தை வச்சுக்கலாம்னு கீறேன். நாலு பேர் வந்து பாப்பாங்க. அதுக்குள்ள புள்ள மூஞ்சிக்கு எதுனா பண்ணு அலமு."

மறுநாள்லேர்ந்து கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் பூசறது ஆரம்பமாச்சு. அலமு தேய்க்கற தேய்ப்புல தோலே உரிஞ்சுடும் போல இருக்கும். உமா பல்லைக் கடிச்சுக்கினு உக்கார்ந்திருப்பா. ஆடி பாதியில பார்த்தா, நெசமாவே முடி மெலிசாகி உதிர ஆரம்பிச்சுடுச்சு. அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பஸ் ஸ்டாப்புல ரகுபதி பார்த்துட்டு, "இன்னா, மூஞ்சி பளபளன்னு கீது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கினு அவ அந்த வாரம் பூரா காயில் சுத்தினா. காலையில பால் குடிக்கறப்ப அந்த நாத்தம் முன்ன மாதிரி குமட்டலையேன்னு கூட ஒரு தரம் தோணிச்சு. பழகிப் போச்சுன்னு விட்டுட்டா.

ஆனா நீல மருந்து பச்சையாக ஆரம்பிச்சுடுச்சு. "அப்பா, பச்சையா வருதே"ன்னு குழாயைக் காட்டினா. "நேத்து பலாச்சுளை துன்னே இல்ல, அதான்"னாரு ஜெகநாதன், முகத்தைப் பார்க்காம. அப்புறம் மஞ்சளாச்சு. மறுபடி தாகம் எடுத்துது. அந்த மாசம் ஆஸ்பத்திரியில மருந்தளவு பார்க்கற மெஷின் ரிப்பேர்னு ரத்தம் எடுக்காமலே பாட்டிலைக் குடுத்து அனுப்பிட்டாங்க. அதனால ஆவணி பொறந்த அப்புறம்தான் டாக்டர் கைக்கு ரிசல்ட் வந்துது.

அன்னிக்கு ரூமுக்குள்ள போனதும் அவரு உக்காருன்னு கூட சொல்லல. "மருந்து குடிக்கறியா?"ன்னாரு.

"குடிக்கறேன் சார்."

"ரத்தத்துல ஒரு பொட்டு இல்ல. சக்கரை ஏறிக்கிடக்கு. காலி பாட்டில் மட்டும் ஒழுங்கா திரும்பி வருது. எங்க கொட்டறே?"

உமாவுக்கு ஒண்ணும் விளங்கல. "தெனம் குடிக்கறேன் சார், ஒரு நாள் கூட வுட்டதில்ல."

"உன் மூஞ்சியே சொல்லுதேம்மா. முடியெல்லாம் எங்க? அழகு கெட்டுப் போகுதுன்னு கொட்டிட்டே. எடம் இல்லாம எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? உன் எடத்தை அவங்கள்ல ஒருத்தருக்குக் குடுத்திருக்கலாம்."

உமா எழுந்தா. பக்கத்துல உக்கார்ந்திருந்த அப்பா தலை மேல உள்ளங்கையை அழுத்தி வச்சா. "எங்கப்பா தலை மேல சத்தியமா சொல்றேன் சார். நான் குடிச்சேன்." தலை மேல கை வச்சுப் பொய் சொன்னா அந்தத் தலைக்கே ஆபத்துன்னு நம்பற ஜனங்க நாங்க. அதுக்கு மேல ஒரு சத்தியம் எங்களுக்குக் கிடையாது. ஜெகநாதன் அந்தக் கைக்கு அடியில தலையைக் குனிஞ்சுக்கினு தரையைப் பார்த்தபடி இருந்தாரு.

"சத்தியமெல்லாம் ரத்தத்துல தெரியாதும்மா"ன்னாரு டாக்டர். இனி அந்த மருந்து அவளுக்குக் கிடையாது, இன்னைலேர்ந்து ஊசிதான்னு சொல்லி ரெண்டு இன்சுலின் பாட்டிலும் ஊசியும் குடுக்கச் சொன்னாரு. மிச்சம் ஏதாவது இருக்கான்னு பார்க்க அன்னிக்கு எடுத்த ரத்தத்துலயே ஒரு டெஸ்ட் போடறேன், அடுத்த வாரம் வந்து தெரிஞ்சுக்கோன்னாரு. உமா வெளிய வந்து தூணோரமா நின்னு அழுதா. ஜெகநாதன் தோள் துண்டால அவ கண்ணைத் துடைச்சு விட்டாரு. "அழுவாதம்மா, அழுவாத"ன்னாரு. தன்னால அப்பாவுக்கும் அவமானமாப் போச்சேன்னு அவளுக்கு இன்னும் அழுகை வந்துது.

மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல அந்தக் குண்டு வெடிச்சதுலேர்ந்து ஊருக்குள்ள வர்ற பஸ்ஸையெல்லாம் நிறுத்திச் சோதனை போடுவாங்க. அன்னிக்கு இவங்க ஊருக்குத் திரும்பி வந்த பஸ்ஸுலயும் ஏறினாங்க. போலீஸ்காரர் ஜெகநாதன் மடியில இருந்த மஞ்சப்பையைப் பிரிச்சாரு. ஊசியை எடுத்துத் தூக்கிப் பிடிச்சு, "இது இன்னாய்யா?"ன்னாரு. பஸ்ஸே திரும்பிப் பார்த்துது.

"எனக்கு சார். எனக்குச் சக்கரை. ஆறு வருஷமா ஊசி போட்டுக்கறேன்"னாரு ஜெகநாதன். சட்டையை லேசாத் தூக்கி, "தோ, இங்கதான் சார் போட்டுக்குவேன்"னு வயித்தைக் காட்டினாரு. எவ்வளவு போடுவேன்னு கேட்டதுக்கும் டக்குன்னு பதில் சொன்னாரு. போலீஸ்காரர் ஊசியைப் பையில போட்டுட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு.

ஏன் அப்படிச் சொன்னாருன்னு உமாவுக்குத் தெரியாம இல்ல. பஸ்ஸுல மணிமங்கலத்து ஆளுங்க யாராவது இருப்பாங்க, நிச்சயம் பக்கத்துல இருக்கு. ஆனா அவ அப்பா மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தா. பேசத் தெரியாத மனுஷன்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தா. குரல் தடுக்கல, கண்ணு அலையல. எவ்வளவு சுளுவா வருது இவருக்குன்னு தோணின அந்த நிமிஷமே, காலி பாட்டிலை மாசாமாசம் பையில எடுத்து வச்சது யாருன்னும் தோணிச்சு.

இறங்கி, ஏரிக்கரை ஓரமா ஊருக்கு நடந்தாங்க. நல்ல வெயில். பாதி வழியில உமா நின்னுட்டா.

"பாட்டில்ல இருந்த மருந்து எங்கப்பா போச்சு?"

ஜெகநாதன் முன்னாடி ரெண்டடி போயிட்டு நின்னாரு. திரும்பல.

"சொல்லுப்பா."

"கால்வாயில ஊத்தினேன்."

"பால்ல இன்னா கலந்தீங்க?"

"கடலெண்ணெ. உங்கம்மாதான்... அக்கா வந்து போன மறுநாள்லேர்ந்து. ஊசிதான் நின்னுடுச்சே, நல்லாதானே கீறா, நிச்சயம் முடியற வரைக்கும் நிறுத்தி வச்சா இன்னா ஆவும்னா. நீ வாணாம்னுடுவேன்னு உன்கிட்ட சொல்லல."

"உனக்குத் தெரியுமேப்பா. நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீ என் பக்கத்துலதானே இருந்தே."

"இருந்தேன்"னாரு. "ரகுபதி நல்ல புள்ளம்மா. இந்த எடம் தட்டிப் போனா உன்னை யாரு கட்டிக்குவாங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் மறுபடி குடுத்துக்கலாம்னு இருந்தேன்."

அவ கிட்ட போனா. "அந்த ரூமுல நான் உன் தலை மேல கை வச்சேனே. அப்ப உனக்கு இன்னா தோணிச்சு?"

பொய்யாவது சொல்லியிருக்கலாம். போலீஸ்காரருக்குச் சொல்லத் தெரிஞ்சவருக்குப் பொண்ணுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியல. "முதல்ல பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் யோசிச்சேன். குடுத்ததையெல்லாம் நீ குடிச்சது நெசந்தானே, உன் மனசுல பொய் இல்லையே. அதனால எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு..." அதோட நிறுத்திக்கினாரு.

உமா அவரையே பார்த்தா. ஒரு டாக்டர் அவளைத் திருடின்னு சொல்லாத குறையாத் திட்டிக்கினு இருக்காரு, பெத்த அப்பன் அவ கைக்கு அடியில உக்கார்ந்துக்கினு தன் தலை தப்புமான்னு கணக்குப் போட்டிருக்காரு. மருந்தைக் கொட்டினதைக் கூட அவளால என்னைக்காவது பொறுத்துக்க முடிஞ்சிருக்கும். இதைப் பொறுக்க முடியல. மஞ்சப்பையை அவர் கையிலேர்ந்து பிடுங்கிக்கினு விறுவிறுன்னு நடந்துட்டா.

வீட்டுல அலமு வாசல்லயே நின்னா. விஷயம் வெளிய வந்துடுச்சுன்னு புருஷன் மூஞ்சியிலயே தெரிஞ்சுக்கினா. அவ மறைக்கவும் இல்ல, அழவும் இல்ல. "நாந்தான் நிறுத்தினேன். இன்னா இப்போ? ஊசிதானே, போட்டுக்கினா போச்சு. மீசையோட போய் மணையில உக்காருவியா?"ன்னா. அப்புறம் கிட்ட வந்து உமா கன்னத்தைத் தடவினா. "பாரு, எவ்ளோ தெளிஞ்சு கீது மூஞ்சி. ஒரு முடி இல்ல." அதைச் சொல்றப்ப அவ குரல்ல இருந்த ஆசை பொய் இல்ல. அதுதான் உமாவுக்குத் தாங்கல.

அவ கையைத் தட்டி விட்டுட்டு அப்பா பக்கம் திரும்பினா. "அத்தைகிட்ட போயி எனக்கு இன்னா வியாதின்னு நீயே சொல்லு. சொல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்."

ஜெகநாதன் மறுநாள் சைக்கிள்ல மணிமங்கலம் போயிட்டு வந்தாரு. "சொல்லிட்டேன். அக்கா பரவால்லன்னுடுச்சு"ன்னாரு. உமா தலையாட்டினா. ஆனா சொன்னாரா, இல்ல வழியில டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டாரான்னு அவளுக்குத் தெரியல. முன்னயெல்லாம் அப்பா சொன்னா அது நடந்ததுன்னுதான் அர்த்தம். இப்ப அவர் சொன்ன எதையும், சோத்துல உப்பு போட்டாச்சுன்னாக் கூட, நாக்குல வச்சுப் பார்க்காம நம்ப முடியல. அலமு குடுத்த பாலை அவ தொடவே இல்ல. வேற டம்ளர்ல தானே ஊத்திக்கினா.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஜெகநாதன் சட்டை மாத்திக்கினு கிளம்பி நின்னாரு. "நீ வராத"ன்னா. தனியாவே பஸ் ஏறினா.

டாக்டர் ரூம்ல உக்கார்ந்ததும் அவரு பேசறதுக்கு முன்னாடி அவ பேசினா. "நான் கொட்டல சார். எங்கம்மா கடலெண்ணெ கலந்து குடுத்தாங்க, எங்கப்பா மருந்தைக் கால்வாயில ஊத்தினாரு. கல்யாணத்துக்காக. எனக்குத் தெரியாது. நீங்க என்னைத் திட்டினப்ப அவருக்குத் தெரியும்." யாரையும் காப்பாத்திப் பேசல. அவளுக்கு அந்த ஆசை போயிடுச்சு.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாரு. "உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, தப்புதான்"னாரு. அப்புறம் ரிசல்ட்டைச் சொன்னாரு. "மிச்சம் இல்லம்மா. சொல்லிக்கற அளவுக்கு எதுவும் இல்ல. இனிமே காலத்துக்கும் ஊசிதான்."

அது அவ எதிர்பார்த்ததுதான். அதனால அழல. அவளுக்கு வேற ஒண்ணு தெரியணும்.

"ஒழுங்கா குடிச்சிருந்தா இருந்திருக்குமா சார்?"

"தெரியாதும்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. ஒழுங்கா குடிச்சும் சில பேருக்குப் போயிடுச்சு. சில பேருக்கு இன்னும் நிக்குது. நீ இதுல எந்தப் பக்கம்னு..." அவரு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கினாரு. "அதைத் தெரிஞ்சுக்கத்தானேம்மா உனக்குக் குடுத்தேன்."

உமா எழுந்து வெளிய வந்தா. உங்களாலதான் போச்சுன்னு அவங்களைச் சபிக்க முடியாது, உங்களால போகலன்னு விட்டுத் தொலைக்கவும் முடியாது. அவங்க கால்வாயில ஊத்தினதுல இந்தப் பதிலும் சேர்த்தே போயிடுச்சு. பிள்ளைப்பாக்கத்துல ரெண்டு பேரும் வழியைப் பார்த்துக்கினு இருப்பாங்க, போனதும் டாக்டர் இன்னா சொன்னாருன்னு கேப்பாங்க. சொல்லப் போறதில்லன்னு பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள அவ முடிவு பண்ணிட்டா. தெரியாமலே இருக்கட்டும், அவங்களும்.